ஓரங்குல முகம்

பிலடெல்பியா நகரில், அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய அதே கட்டடத்தின் மாடியில், 1802-லிருந்து ஓர் அருங்காட்சியகம் நடந்துவந்தது. நடத்தியவர் சார்லஸ் வில்சன் பீல் என்ற ஓவியர். கூடம் முழுக்கப் பாடம் செய்த பறவைகளும் விலங்குகளும் இருந்தன. ஆனால் ஜனங்கள் முண்டியடித்தது அவற்றைப் பார்க்க அல்ல. மரச்சட்டத்தில் பொருத்திய ஒரு கருவி அங்கே இருந்தது. அதன் பக்கத்தில் கத்தரிக்கோலுடன் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். பெயர் மோசஸ் வில்லியம்ஸ். 27 வயதில் விடுதலை பெறும்வரை அவர் பீல் வீட்டு அடிமை.

பீல் தன் பிள்ளைகள் பலருக்கு ரெம்ப்ராண்ட், ரூபன்ஸ் என்று பெரிய ஓவியர்களின் பெயர்களையே வைத்தார்; தூரிகை பிடிக்கவும் கற்றுக்கொடுத்தார். அதே வீட்டில் வளர்ந்த மோசஸுக்குத் தூரிகை கிடைக்கவில்லை. கிடைத்தது கத்தரிக்கோல்தான். அந்தக் கத்தரிக்கோல்தான் அவர் தலையெழுத்தை மாற்றியது.

கருவியின் வேலை எளிது. அதன் கம்பியை நெற்றியில் தொடங்கி மூக்கு, உதடு, தாடை வழியாக மெல்ல நகர்த்தினால், மறுமுனை அதே கோட்டைச் சிறிதாக்கித் தாளில் கீறிவிடும். தாளை நாலாக மடித்திருப்பார்கள். கீறலின் மேல் கத்தரித்து உள்பாகத்தைத் தள்ளிவிட்டால், வெள்ளைத் தாளில் முகத்தின் வடிவில் ஓர் ஓட்டை விழும். பின்னால் கறுப்புத் துணி ஒன்றை வைத்தால் போதும், ஆள் அப்படியே வந்து நிற்பார். விலை 8 சென்ட். 1803-ல் மட்டும் 8,880 முகங்கள் வெட்டப்பட்டதாகப் பீல் கணக்குச் சொன்னார். வெட்டித் தள்ளிய காகிதத் தலைகள் பீப்பாயில் குவிந்தன. அந்த வருமானத்தில் மோசஸ் சொந்த வீடு வாங்கினார், கல்யாணமும் செய்துகொண்டார்.

நாலாக மடித்த தாள் என்பதால் ஒரு தடவை உட்கார்ந்தாலே நாலு முகம் கிடைத்தது. ஒன்று தனக்கு. மிச்சம் மூன்றை யாருக்குக் கொடுப்பது?

அந்தக் கேள்விக்கு மூன்றே ஆண்டுகளில் ஒரு கல்லூரி பதில் சொன்னது. 1806 செப்டம்பரில் யேல் கல்லூரியிலிருந்து படிப்பு முடித்துப் போன மாணவர்களின் நிழல் முகங்கள் ஒரே தொகுப்பில் சேர்ந்தன. கூடப் படித்தவன் எந்த ஊருக்குப் போனாலும் அவன் மூக்கும் தாடையுமாவது கையில் இருக்கட்டும் என்ற ஆசை அதில் தெரிந்தது. வகுப்பு முகங்களைத் தொகுத்த ஆண்டுப் புத்தகமான இயர்புக்கில், அமெரிக்கக் கல்லூரிகளின் முதலாவது என்று பிற்காலத்தில் பலர் அதைத்தான் சொன்னார்கள். அதன் தலைப்பில் ஒரு சொல் உறுத்தலாக இருந்தது. 'யேல் கல்லூரியில் பட்டம் பெற்ற வகுப்பில் ஒரு பகுதியினரின் முகங்கள்' என்பது அந்தத் தலைப்பின் பொருள். ஒரு பகுதியினர் மட்டும். பிறந்த நாளிலேயே அந்தப் புத்தகத்தில் சிலர் விடுபட்டிருந்தார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் யேலில் படித்து, 1810-ல் பட்டம் பெற்ற மாணவர் ஒருவர், கறுப்பு நிழலுக்குக் கண்ணும் புன்னகையும் கொடுக்கப்போகும் ஆட்களில் ஒருவராக ஆனார். அவர் பெயர் சாமுவேல் மோர்ஸ். தந்தி என்றதும் உலகம் நினைக்கும் அதே மோர்ஸ்தான். பிழைப்புக்கு அவர் ஓவியர். 1839-ல் தந்திக் கருவியை விளம்பரப்படுத்தப் பாரிஸ் போயிருந்தார். அங்கே லூயி டாகர் என்பவர் வெள்ளி பூசிய தகட்டில் சூரிய ஒளியே படம் வரையும்படி செய்துவிட்டார் என்று ஊரே பேசியது. மோர்ஸ் ஆள் அனுப்பிக் கேட்டார்: என் கருவியை நீங்கள் பாருங்கள், உங்கள் படத்தை நான் பார்க்கிறேன். டாகர் சம்மதித்தார்.

மார்ச் 7 அன்று மோர்ஸ் போய்த் தகடுகளைப் பார்த்து அசந்துபோனார். மறுநாள், மார்ச் 8, டாகர் பதில் மரியாதைக்காக மோர்ஸின் இருப்பிடத்துக்கு வந்தார். தந்திக் கருவி டக் டக் என்று அடிப்பதை அவர் ரசித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், டாகர் நடத்திவந்த டயோரமா என்ற பிரமாண்டக் காட்சிக்கூடம் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் போனபோது மிஞ்சியது சாம்பல்தான். பிழைப்பே போய்விட்ட கண்டுபிடிப்பாளருக்குப் பிரெஞ்சு அரசு ஆயுள்கால ஓய்வூதியம் கொடுத்தது. பதிலுக்கு அவருடைய ரகசியம் 1839 ஆகஸ்ட் 19 அன்று உலகத்துக்கு வெளியிடப்பட்டது.

நியூயார்க் திரும்பிய மோர்ஸ், தன் மகளை மொட்டை மாடியில் உச்சி வெயிலில் நிறுத்திப் படம் எடுத்துப் பார்த்தார். பத்து நிமிடம் முதல் இருபது நிமிடம் வரை அசையாமல் நிற்க வேண்டும். அத்தனை நேரம் வெயிலில் யாரால் கண் திறந்திருக்க முடியும்? கண்ணை மூடிக்கொண்டே நின்றாள். 1840 ஆகஸ்டில் யேலில் பழைய மாணவர்கள் கூடினார்கள். மோர்ஸ் வகுப்பு பட்டம் பெற்று முப்பது ஆண்டு நிறைந்திருந்தது. மோர்ஸ் வெறுங்கையோடு போகவில்லை, கேமராப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார். கூடப் படித்த கிழவர்களை ஒன்றாக நிறுத்திப் படம் எடுத்தார். வகுப்புத் தோழர்களின் குரூப் ஃபோட்டோ என்ற வழக்கத்துக்கு அமெரிக்காவில் அதுதான் பிள்ளையார் சுழி. ஆனால் டாகர் முறையில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. படம் எடுத்த தகடுதான் படம். அதற்குப் பிரதி கிடையாது. மோசஸின் கத்தரிக்கோல் கொடுத்த நாலு முகம் மறுபடி ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

அந்தச் சிக்கலை அவிழ்த்த பொருள் மருத்துவரின் மேசையில் இருந்தது. கொலோடியன் என்பது வெட்டுக்காயத்தின் மேல் பூசும் பிசுபிசுப்பான திரவம். காய்ந்தால் மெல்லிய தோல்போல் படியும். லண்டனில் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற சிற்பி, தான் செதுக்க வேண்டிய முகங்களைப் படம் பிடித்துவைக்க வழி தேடிக்கொண்டிருந்தார். காயத்துக்குப் பூசுவதைக் கண்ணாடியில் பூசினால் என்ன? 1851-ல் அவர் முறை அச்சில் வந்தது. கண்ணாடி நெகட்டிவ் ஒன்று போதும், எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். பிரதி எடுக்கும் தாளுக்கு முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசினார்கள். ஆர்ச்சர் காப்புரிமை வாங்கவில்லை. உலகத்துக்கே சும்மா கொடுத்துவிட்டு, 1857-ல் வறுமையில் இறந்தார். அவர் கொடுத்த கொடையைக் காசாக்கும் சாமர்த்தியம் கடல் கடந்து வேறொருவரிடம் இருந்தது.

ஜார்ஜ் கெண்டல் வாரன் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் டாகர் தகடு எடுத்துப் பிழைத்தவர். நெகட்டிவ் வந்ததும் அவருக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. ஒரு மாணவனுக்கு அவன் படத்தை விற்றால் ஒரு வியாபாரம். அவன் வகுப்பில் ஐம்பது பேர் இருந்தால், அந்த ஐம்பது பேருக்கும் அவன் படத்தை விற்கலாம். 1850-களின் கடைசியிலிருந்து ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், டார்ட்மத், பிரௌன் என்று கல்லூரி கல்லூரியாகப் போனார். கடைசி ஆண்டு மாணவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்தார். பேராசிரியர்கள், கட்டடங்கள், மரம் அடர்ந்த பாதைகள், கல்லூரியில் எடுபிடி வேலை பார்த்தவர்கள் என்று எதையும் விடவில்லை.

மாணவர்கள் பட்டியலைப் பார்த்துப் பொறுக்கினார்கள். எனக்கு இந்த நண்பன் வேண்டும், இந்த வாத்தியார் வேண்டும், நான் தங்கியிருந்த விடுதி வேண்டும். வாங்கிய படங்களைத் தோல் அட்டை போட்டுப் பைண்டு செய்துகொண்டார்கள். படத்தில் இருந்தவர்களிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். தோழர்களிடம் கையெழுத்து வாங்கும் ஏடு 16-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிவிட்ட வழக்கம். நம் ஊரில் பிளஸ் டூ முடியும் மாதத்தில் கைமாறும் ஆட்டோகிராஃப் நோட்டும் அதன் சாயல்தான். வாரனின் ஆல்பத்தில் முதல்முறையாகக் கையெழுத்தும் முகமும் நிறைய பேருக்கு ஒன்றாகக் கிடைத்தன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் கடக்க முடியவில்லை. அன்றைய ஆல்பங்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒரே வகுப்பு, ஒரே ஸ்டுடியோ, ஆனாலும் ஒவ்வொன்றும் அவரவர் விருப்பம். எல்லாருக்கும் பொதுவான புத்தகம், எனக்கே எனக்கான படம் என்ற இரண்டும் அப்போது ஒரே அட்டைக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன. அவற்றைப் பிரித்து வைத்தது ஒரு புள்ளி.

1880 மார்ச் 4 அன்று நியூயார்க்கின் 'டெய்லி கிராஃபிக்' நாளிதழ் ஒரு குடிசைப் பகுதியின் புகைப்படத்தை அச்சிட்டது. அதற்கு முன்பெல்லாம் புகைப்படத்தைப் பார்த்து ஒருவர் மரத்தில் செதுக்குவார், அந்த மரக்கட்டைதான் அச்சேறும். இந்த முறை புகைப்படத்தையே நுண்ணிய புள்ளிகளாக உடைத்திருந்தார்கள். இருட்டான இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சமான இடத்தில் சிறிய புள்ளி. ஹாஃப்டோன் என்ற அந்த வித்தை அடுத்த இருபது ஆண்டுகளில் மலிவானது. படத்தை இனி ஒட்ட வேண்டியதில்லை. எழுத்தோடு சேர்த்து ஒரே ஓட்டத்தில் அச்சடிக்கலாம்.

அச்சுக்கு ஒரு நிபந்தனை உண்டு. முதல் பிரதியில் இருப்பதுதான் ஆயிரமாவது பிரதியிலும் இருக்கும். எனவே யாரோ ஒருவர் உட்கார்ந்து, யார் படம் எங்கே, எவ்வளவு பெரிதாக என்று தீர்மானிக்க வேண்டியதாயிற்று. மாணவர்களிலிருந்தே ஆசிரியர் குழு முளைத்தது. பக்கத்துக்கு இத்தனை முகம் என்று கட்டம் போட்டார்கள். அகர வரிசைப்படி அடுக்கினார்கள். தலையின் அளவு ஒன்றுபோல் இருந்தால்தான் பக்கம் ஒழுங்காக இருக்கும் என்று கண்டார்கள். தோல் அட்டைக்குள் முழுப் பக்கத்தை ஆண்ட முகம் ஓரங்குலத்துக்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிகள் பெருகத் தொடங்கின. 1910-ல் அந்த வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒன்பது பேர்தான் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். 1940-ல் ஏறத்தாழ பாதிப் பேர் முடித்தார்கள். பணக்காரக் கல்லூரிகளின் வழக்கம் விவசாயியின் மகனுக்கும் ஆலைத் தொழிலாளியின் மகளுக்கும் வந்து சேர்ந்தது. 1936-ல், பொருளாதார மந்தம் இன்னும் தீராத வேளையில், மின்னசோட்டாவில் ப்ரூஸ் ரைனெக்கர், எல்டன் ராத்கெப் என்ற இருவர் 'நேஷனல் ஸ்கூல் ஸ்டுடியோஸ்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெரிய ஸ்டுடியோக்கள் சீந்தாத கிராமத்து ஓரறைப் பள்ளிகளுக்கு கேமராவை எடுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளை ஸ்டுடியோவுக்கு வரவில்லையா, ஸ்டுடியோ பிள்ளையிடம் வரட்டும். பிற்காலத்தில் லைஃப்டச் என்று பெயர் மாறிய அந்தக் கம்பெனியை 2018-ல் ஷட்டர்ஃபிளை 82.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் அந்த ஓரங்குல முகத்தின் உண்மையான மதிப்பு என்ன என்பது 1942-ல், கம்பி வேலிக்குப் பின்னால் தெரியவந்தது.

பியர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய பிறகு, 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, கடை, வயல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். கலிபோர்னியாவின் பாலைவனத்தில் இருந்த மன்சனார் முகாமில் மட்டும் பத்தாயிரம் பேர் அடைபட்டார்கள். அவர்களில் ஒருவர் டோயோ மியாடகே. லாஸ் ஏஞ்சலஸின் லிட்டில் டோக்கியோவில் ஸ்டுடியோ நடத்திவந்தவர்.

ஜப்பானிய வம்சாவளியினர் கேமரா வைத்திருப்பது அப்போது குற்றம். மியாடகே கேமராவை எடுத்துப் போகவில்லை. மூட்டைக்குள் ஒரு லென்ஸையும் ஃபிலிம் செருகும் ஹோல்டரையும் மட்டும் மறைத்துக்கொண்டு போனார். முகாமில் இருந்த ஒரு தச்சர் கழிவு மரத்தில் அவருக்கு ஒரு பெட்டி செய்துகொடுத்தார். பார்ப்பதற்குச் சாப்பாட்டுப் பெட்டிபோல் இருந்தது. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்த, தண்ணீர்க் குழாயின் மரையையே பொருத்தியிருந்தார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த நேரங்களில் மியாடகே அந்தப் பெட்டியோடு வெளியே போனார். நடக்கும் அநியாயத்துக்குச் சாட்சி வேண்டும், இது இனி ஒருபோதும் நடக்கக் கூடாது என்று தன் மகனிடம் சொல்லியிருந்தார். சில மாதங்களில் பிடிபட்டார்.

முகாமின் இயக்குநர் ரால்ஃப் மெரிட் கேமராவைப் பிடுங்கவில்லை. அதற்குப் பதில் ஒரு விசித்திரமான ஏற்பாடு வந்தது. மியாடகே முகாமின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் ஆனார். ஆனால் ஜப்பானியர் படம் எடுக்கக் கூடாது என்ற விதி அப்படியே இருந்தது. எனவே மியாடகே ஆளை உட்கார வைப்பார், விளக்கைச் சரிசெய்வார், ஃபோகஸ் பார்ப்பார். எல்லாம் ஆன பிறகு வெள்ளைக்கார ஊழியர் ஒருவர் வந்து ஷட்டரை மட்டும் அமுக்குவார். பின்னால் அந்தக் கட்டுப்பாடும் தளர்ந்தது.

முகாமுக்குள் ஒரு உயர்நிலைப் பள்ளி நடந்தது. அந்தப் பிள்ளைகள் 1944-ல் ஒரு இயர்புக் கொண்டுவந்தார்கள். பெயர் 'அவர் வேர்ல்டு', நம் உலகம். மியாடகேயின் படங்கள் அதில் இடம்பெற்றன. பக்கத்தைப் புரட்டினால் ஆசிரியர்கள், விளையாட்டு அணிகள், மன்றங்கள், பிறகு கடைசி ஆண்டு மாணவர்கள் வரிசை வரிசையாக. தலை சீவி, உடுப்பு சரிசெய்து, கேமராவைப் பார்க்கும் முகங்கள். அயோவாவிலோ ஒஹாயோவிலோ வேலியில்லாத ஒரு பள்ளியில் அதே ஆண்டு அச்சான புத்தகத்தின் பக்கத்தில் வைத்தால், கட்டமைப்பில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அரசாங்கம் அந்தப் பிள்ளைகளிடமிருந்து எதையெதையோ பறித்துக்கொண்டது. மற்ற பிள்ளைகளுக்குக் கிடைத்த அதே அளவுச் சதுரம் அவர்களுக்கும் கிடைத்துவிட்டது. இயர்புக்கின் வரலாற்றில் இதைவிட உயர்ந்த பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

போர் முடிந்தது. 1946-லிருந்து 1964-க்குள் அமெரிக்காவில் ஏழரைக் கோடிக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. அவர்கள் பள்ளிக்கு வந்தபோது வகுப்புகள் பிதுங்கின. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே நாளில் எடுத்து முடிக்க வேண்டிய கட்டாயம் ஸ்டுடியோக்களுக்கு வந்தது. பள்ளி ஒரே ஒரு ஸ்டுடியோவுடன் ஒப்பந்தம் போட்டது. ஒரே பின்புலம், ஒரே விளக்கு, ஒரே ஸ்டூல். உடுப்புக்கும் ஒரே வழி கண்டுபிடித்தார்கள். பெண்களுக்குத் தோளைச் சுற்றிப் போர்த்தும் கறுப்பு வெல்வெட் துணி. பையன்களுக்கு டக்ஸிடோ. அந்த டக்ஸிடோவுக்குப் பல இடங்களில் முதுகே கிடையாது. முன்பக்கம் மட்டும் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, போ டை எல்லாம் தைத்து ஒன்றாக இருக்கும்; பின்னால் பட்டையை மாட்டினால் பத்து விநாடியில் கனவான் தயார். சட்டத்துக்குக் கீழே அவனுடைய ஜீன்ஸும் தேய்ந்த செருப்பும் இருந்தன. அவன் கழற்றியதும் அடுத்த பையன் மாட்டிக்கொண்டான்.

இதைக் கேலி செய்தவர்கள் ஏராளம். எனக்கு அந்த முதுகில்லாத கோட்டின் மேல் மரியாதை உண்டு. நல்ல சட்டை இல்லாத பையன் யார் என்று எந்த இயர்புக்கைப் பார்த்தும் யாராலும் சொல்ல முடியாமல் செய்தது அது. ஆனால் பதினேழு வயதில் எல்லாரையும்போல் இருப்பதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை. பிள்ளைகள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

அந்த முணுமுணுப்பு ஊர்க்காரர் நடத்திய சின்ன ஸ்டுடியோக்களின் காதில் விழுந்தது. பள்ளி ஒப்பந்தம் கைநழுவிப் போனவர்கள் அவர்கள். பள்ளி ஒரே ஒரு முகம் எடுத்துக்கொள்ளட்டும், நாங்கள் அவனையே எடுக்கிறோம் என்று இறங்கினார்கள். கலர் ஃபிலிம் மலிவானதும் கதவு திறந்தது. பையன் கிதாருடன் வந்தான், காரின் பானெட்டில் சாய்ந்தான். பெண் தன் குதிரையுடன் வந்தாள், ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்தாள். 1980-களில் லேசர் கதிர்கள் பாயும் பின்புலத் திரைகள் அமர்க்களப்பட்டன. டிஜிட்டல் கேமரா வந்ததும் ஃபிலிம் செலவு என்ற கடைசித் தடையும் விழுந்தது. படிப்பின் கடைசி ஆண்டு தொடங்குவதற்கு முந்தைய கோடை விடுமுறையே 'சீனியர் போர்ட்ரெய்ட்' பருவம் ஆகிவிட்டது. ஒரு மாலை முழுக்க, இரண்டு மூன்று உடுப்பு, இரண்டு மூன்று இடம், வீட்டுச் சுவருக்குப் பெரிய பிரிண்ட். வாரனின் ஆல்பத்தில் இருந்த அந்தப் பழைய ஆசை, என் படம் என் விருப்பம் என்ற ஆசை, நூறு ஆண்டு கழித்து வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்திருந்தது.

அந்தப் படத்தைத்தான் இயர்புக்கிலும் போட வேண்டும் என்று கேட்டபோது வெடித்தது சண்டை.

நியூ ஹாம்ப்ஷயரின் லண்டன்டெரியில் ஒரு மாணவர், தான் பயின்ற துப்பாக்கிச் சுடும் விளையாட்டைக் காட்ட, துப்பாக்கியுடன் எடுத்த படத்தைக் கொடுத்தார். மறுத்தார்கள். வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம் போனது. 2005-ல் நீதிபதி தலையிட மறுத்தார். முடிவெடுத்தது அரசு அல்ல, இயர்புக்கை நடத்தும் மாணவர்களே என்றார்.

அடுத்த ஆண்டு ரோட் ஐலண்டின் போர்ட்ஸ்மத்தில் கதை வேறு மாதிரி திரும்பியது. இடைக்கால ஐரோப்பிய வரலாற்றை நடித்துப் பார்க்கும் குழுவைச் சேர்ந்த மாணவர் ஒருவர், இரும்பு வளையக் கவசம் அணிந்து, தோளில் வாளுடன் படம் எடுத்துக் கொடுத்தார். பள்ளியில் ஆயுதத்துக்கு இடமில்லை என்ற விதியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பள்ளியின் சின்னமே சுதந்திரப் போர்க்காலத்து ஆயுதம் தாங்கிய தேசபக்தன் என்பதை எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டியது. 2007 ஜனவரியில் மாநிலக் கல்வி ஆணையர் மாணவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். வாள் ஜெயித்தது.

மிசிசிப்பியில் நடந்தது இன்னும் கனமானது. அங்கே ஒரு மாணவி பெண்களுக்கான போர்வையை மறுத்து டக்ஸிடோ அணிந்து படம் எடுத்துக்கொண்டார். பகட்டுக்காக அல்ல, அதுதான் தன் இயல்பு என்பதற்காக. 2010-ல் இயர்புக் வந்தபோது கடைசி ஆண்டு மாணவர் பக்கங்களில் அவர் படமும் இல்லை, பெயரும் இல்லை. படித்த பள்ளியின் பதிவிலிருந்து ஒரு பிள்ளையின் பெயரையே எடுத்துவிட்டார்கள். எந்த உடுப்பு விதியும் அதை நியாயப்படுத்தாது. வழக்கு 2011-ல் சமரசத்தில் முடிந்தது. இனி ஆண், பெண் என்று தனித்தனி உடுப்பு கிடையாது, எல்லாரும் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் அணிந்தே படம் எடுக்க வேண்டும் என்று முடிவானது. அந்தத் தீர்வு ஒருவருக்கு மட்டும் சலுகை கொடுக்கவில்லை. வரிசையையே எல்லாருக்கும் உரியதாக விரித்துக் கொடுத்தது.

மற்ற ஊர்களில் வழக்கு இல்லாமலே ஒரு சமாதானம் உருவானது. வரிசையில் பள்ளியின் படம். இயர்புக்கின் பின்பக்கங்களில் பெற்றோர் காசு கொடுத்து வாங்கும் இடத்தில் ஆற்றங்கரைப் படம், பக்கத்திலேயே அதே பிள்ளையின் பல் முளைக்காத குழந்தைப் படம். இரண்டுக்கும் வசதி உள்ள வீட்டில் பிரச்சினை தீர்ந்தது. ஒன்றுக்குத்தான் வசதி என்ற வீட்டில் எதை எடுப்பது?

அதற்கான பதில் யாரும் எதிர்பார்க்காத திசையிலிருந்து வந்தது. 2001-ல் லீஆன் ஹார்க்கர், டேக்கர் கெல்ட்னர் என்ற உளவியலாளர்கள், கலிபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் 1958-லும் 1960-லும் படிப்பு முடித்த பெண்களின் இயர்புக் படங்களை எடுத்துக்கொண்டு, கண்கள் வரை எட்டிய சிரிப்பு யாருடையது என்று பிரித்தார்கள். அந்தப் பெண்களின் வாழ்க்கையை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து வந்திருந்தார்கள். கண்ணால் சிரித்தவர்கள் நடுவயதிலும் வாழ்க்கையில் நிறைவாக இருப்பதாகச் சொல்லும் சாத்தியம் அதிகமாக இருந்தது. 2015-ல் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வாளர்கள் இன்னும் பெரிதாக வலை வீசினார்கள். 1905 முதல் 2013 வரையிலான இயர்புக்குகளிலிருந்து நேராகப் பார்க்கும் 37,921 முகங்களைச் சேர்த்து, பத்தாண்டுக்குப் பத்தாண்டு அடுக்கினார்கள். இறுகிய உதடுகள் நூறாண்டில் மெல்ல மெல்ல விரிந்து சிரிப்பானதைக் கணினி அளந்து காட்டியது.

குதிரையும் காரும் ஆற்றங்கரையும் இருந்த படங்களில் அந்தக் கணக்கைப் போட்டிருக்கவே முடியாது. ஒரே தூரம், ஒரே கோணம், வெறும் பின்புலம் என்று பிள்ளைகள் எதை வெறுத்தார்களோ, அதுதான் ஒரு நாட்டின் முகத்தை நூறாண்டு நீளத்துக்கு அளக்க உதவியது. ஆற்றங்கரைப் படம் அழகானது. அதை எடுக்க வசதி உள்ளவர்கள் சந்தோஷமாக எடுக்கட்டும். ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், வரிசையில் உள்ள அந்த ஓரங்குலத்தைத்தான் விடக் கூடாது என்பது என் தீர்மானம்.

படம் எடுக்கும் நாளில் வராத பிள்ளைகளையும் பல இயர்புக்குகள் ஒரேயடியாக விட்டுவிடுவதில்லை. வரிசை முடியும் இடத்தில் 'படம் இல்லாதவர்கள்' என்ற தலைப்பின் கீழ், சின்ன எழுத்தில், அவர்களின் பெயர்கள் மட்டும் இருக்கும்.